குதிரையை இறக்க ஆளில்லை

குழுவில் இருந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் தலைவர்கள். தலைமை ஓவியர், தலைமை ஒலி வல்லுநர், கதைத்துறைத் தலைவர், வரலாற்று ஆலோசகர் என்று ஆளுக்கொரு பட்டம். சம்பளம் கிடையாது என்பதால் பட்டத்தில் யாரும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. இரண்டு பாகம் வெளியிட்டுவிட்டுக் கம்பெனி கைகழுவிவிட்ட ஒரு பழைய போர் விளையாட்டுக்கு, மூன்றாம் பாகத்தை ரசிகர்கள் தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி கேட்கவில்லை. உலகமும் கேட்கவில்லை. ஆனாலும் குழுவில் ஓடிய செய்திகளைப் படித்தால் ஏதோ ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

இதில் கழுத்தறுப்பு வேலை சண்டைக் காட்சிதான். ஒரு வீரன் வாளை ஓங்கி, வெட்டி, பழையபடி வந்து நிற்க இருபதுக்கு மேல் படங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். நாயகனை வரைய அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். குதிரை என்றால் மட்டும் அந்த வாரம் எல்லாருக்கும் வீட்டில் விசேஷம். நாலு கால், ஒன்று சரியாக வந்தால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும்.

இந்தக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு பல் டாக்டரின் க்ளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை. மேஜைக்கு அடியில் போன். உள்ளே டாக்டர் யாருடைய கடைவாயையோ குடைந்துகொண்டிருப்பார். வெளியே அவள் வில்லாளியின் முழங்கையைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு விளையாட்டும் தெரியாது, வரையவும் தெரியாது. குழுவில் அவளை எல்லாரும் ஆந்தை என்று கூப்பிட்டார்கள். ஆந்தை அவளுடைய தம்பி. காய்ச்சல் என்று தானே நடந்து போய் ஆஸ்பத்திரியில் படுத்தவன், வீட்டுக்கு நடந்து வரவில்லை.

ஏமாற்ற வேண்டும் என்று அவள் உட்காரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவன் சிநேகிதர்களுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திறந்த உடனே குழுவில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது போல. ஒரு செய்தி வந்து விழுந்தது.

"என்னப்பா ஆந்தை, உயிரோட இருக்கியா?"

கேட்டவன் சுண்டெலி. பகலில் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். பட்டம் எதுவும் இல்லாத நாலு பேரில் ஒருவன், ஆகவே வேலை செய்கிறவன். அவள் அந்தக் கேள்வியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "இருக்கேன்" என்று அடித்தாள். அடித்த கைக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, திட்டுவாள் என்று நினைத்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்களுக்கு யாருக்கும் தெரியாதா?"

"தெரியாதும்மா. நாளைக்குச் சொல்லிடறேன்."

"எதுக்கு அவசரம்? அங்கயாவது இருந்துட்டுப் போகட்டுமே."

அதோடு சரி. அதற்குப் பிறகு தினமும் க்ளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டுவிடுவாள்: "இன்னைக்கு அவன்கிட்ட என்ன பேசினாங்க?" அவள் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். அம்மாவுக்கு வில்லாளி, ஈட்டிக்காரன், சூனியக்காரி எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல ஆகிவிட்டார்கள். "சூனியக்காரி முடிஞ்சிடுச்சா, இல்ல இன்னும் அந்தக் கை வளையலயா?" என்று அரிசி களைந்துகொண்டே விசாரிப்பாள்.

சிக்கல் என்னவென்றால், தம்பி வாயாடி. யார் எதை வரைந்து கொண்டுவந்தாலும் மூன்று முறை திருப்பி அனுப்பாமல் ஒப்புக்கொள்ள மாட்டான். அனுப்பும்போது ஒரு வசையும் கூடவே போகும். வசை வாங்கினால்தான் குழுவில் மரியாதை. அவளோ முதல் வாரம் "மிகவும் நன்றாக உள்ளது, நன்றி" என்று எழுதித் தொலைத்துவிட்டாள். இரண்டு பேர் மனம் நொந்து வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தம்பியின் பழைய செய்திகளில் வசை ஏராளமாகக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, வருகிறவர்களுக்கு வந்த வரிசையில் விநியோகித்தாள். 'கல்யாண வீட்ல மொய் எழுத வந்தவன் மாதிரி நிக்கிறான், மறுபடி போடு.' 'இது வெட்டா, கொசு விரட்டறதா?' வேலை மறுபடி சூடுபிடித்தது. வசைக்கு இவ்வளவு பலன் உண்டு என்று தெரிந்திருந்தால் டாக்டரின் பில்லைக் கட்டாதவர்களிடமும் முயன்று பார்த்திருப்பாள்.

சமாளிக்க முடியாதது குதிரைமேல் வாளோடு வருகிற குதிரைக்காரி மட்டும்தான். யாரும் தொடாததால் தம்பியே அவளைத் தன் பெயரில் எடுத்து வைத்திருந்தான். பாதி வரைந்திருந்தான். விளையாட்டில் குதிரைக்காரியின் முறை வந்தால் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கும். அப்படியே அந்தரத்தில் நிற்கும். அடுத்த படம் கிடையாது. குழுவின் சட்டம் தம்பி போட்டதுதான்: எடுத்த வேலையில் ஒரு மாதம் எதுவும் நகரவில்லை என்றால் பெயரை அழித்துவிட வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பெயரை அவள் சட்டப்படி அழித்தாள். தம்பி பெயரில் கை வைக்கவில்லை.

"ஆந்தை, குதிரைக்குக் கால் வலிக்குதாம்," என்றான் சுண்டெலி.

"முடிச்சுடறேன். வேலை ஜாஸ்தி."

"நீ என்ன வேலை பாக்கறேன்னு எங்களுக்குத் தெரியாதா? சீக்கிரம் இறக்கிவிடு. பாவம் அது."

அவளைக் கவிழ்த்தது ஒரு கல் எறியும் எந்திரம். கோட்டைச் சுவரை இடிக்கிற மர எந்திரம் அது. பேரரசர் என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்ட வரலாற்று ஆலோசகர், வாழ்க்கையில் முதல்முறையாக ஏதோ ஒன்றை வரைந்து, அதற்கு மூன்று பத்தி முன்னுரையும் எழுதிச் சமர்ப்பித்தார். அன்று பார்த்து க்ளினிக்கில் கூட்டம். ஒரு குழந்தை நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. அவள் படத்தைத் திறக்காமலே அடுத்த வசையை எடுத்துப் போட்டாள்.

'முட்டி மடங்கவே இல்லை. மாவுக்கட்டு போட்டிருக்கானா?'

பிறகு பேரரசர் எழுதினார்: "கல் எறியும் எந்திரத்துக்கு முட்டி எங்கே இருக்கிறது என்பதை ஆந்தையார் விளக்குவாரா? வரலாற்றில் எனக்குத் தெரிந்தவரை கிடையாது."

யாரோ பழைய செய்திகளைத் தோண்டினார்கள். அதே வசை, அதே எழுத்து, போன வருஷம் ஈட்டிக்காரனுக்குப் போனது. அதற்குப் பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மதியத்துக்குள் தீர்ப்பும் ஆகிவிட்டது: ஆந்தையின் கணக்கை எவனோ திருடிவிட்டான். பேரரசர் விசாரணைக் குழு அமைத்து, அதற்குத் தாமே தலைவரானார்.

சுண்டெலி மட்டும் சுற்றி வளைக்கவில்லை. "யாருப்பா நீ? ஆந்தைன்னா அந்தக் குதிரைக்கு அடுத்த படம் ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டு. இல்லன்னா மரியாதையா சொல்லு, அவன் எங்க?"

உள்ளேயிருந்து டாக்டர், "அடுத்து யாரும்மா?" என்று கேட்டார். அவள் ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தொலைந்துபோனவனைத் தேடுகிற குரல் அது. அதற்குப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"நான் அவனோட அக்கா. தம்பி இறந்துட்டான். நீங்க உயிரோட இருக்கியான்னு கேட்டீங்களே, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. மன்னிச்சுக்கோங்க."

யாரோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. பேரரசருக்குக்கூடச் சொல் கிடைக்காத ஒரு மதியம் அந்தக் குழுவின் வரலாற்றில் அதுதான்.

வீட்டில் அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"சொல்லிட்டேம்மா," என்றாள் அவள்.

அம்மாவுக்குப் புரிந்தது. சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று மறந்ததுபோல நின்றாள், திரும்பி வந்தாள். "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ம்." அம்மா சுவரோரமாக உட்கார்ந்தாள். "அப்ப அங்கயும் இல்ல."

மறுநாள் பேரரசருக்குச் சொல் திரும்பிவிட்டது. ஒன்பது பத்தி இரங்கல் எழுதினார். அதில் மூன்று பத்தி தமக்கும் மறைந்தவருக்கும் நடந்த வாக்குவாதங்களில் தாமே சரி என்பதைப் பற்றியது. முடிவில் ஒரு தீர்மானம்: குதிரைக்காரியை யாரும் தொடக் கூடாது, முன்னங்கால் தூக்கியபடியே அந்தக் குதிரை நிரந்தரமாக நிற்கட்டும், அதுவே ஆந்தையின் நினைவுச் சின்னம். ஆறு தலைவர்கள் ஆமோதித்தார்கள். ஆமோதிப்பதில் இன்னொரு வசதி, குதிரை வரைய வேண்டியதில்லை.

அவளுக்கும் முதலில் அது நல்லதாகத்தான் பட்டது. அழிக்காமல் விட்டால் பெயர் அங்கேயே இருக்கும். அன்று சாயங்காலம் க்ளினிக் காலியான பிறகு விளையாட்டை ஓட்டிப் பார்த்தாள். குதிரை எழுந்தது. நின்றது. குதிரைக்காரியின் கை ஓங்கியபடியே இருந்தது. எதிரில் இருந்தவன் அடி வாங்கக் காத்திருந்தான். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதுதான். சட்டம் போட்டவன் அவன்தானே என்று நினைத்துக்கொண்டு, தம்பியின் பெயரைத் தானே அழித்தாள். குழுவில் எழுதினாள்: "குதிரைக்காரி காலியா இருக்கு. யாராவது முடிச்சுக் கொடுங்க."

ஏழு தலைவர்களுக்கும் வீட்டில் விசேஷம் வந்துவிட்டது. கடைசியில் சுண்டெலி எழுதினான்.

"நான் எடுத்துக்கறேங்க்கா. ஆனா சுமாராத்தான் வரும். திட்டறதுக்கும் இப்ப ஆள் இல்ல."

சுமாராக வரவில்லை. கால்களை இறக்குவதற்குத் தம்பியின் பழைய படங்களிலும் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு நிழல் என்று அவன் திருத்த வேண்டியிருந்தது. அனுமதி கேட்டுத்தான் திருத்தினான். ஓட்டிப் பார்த்தபோது குதிரை எழுந்து, வாள் இறங்கி, குளம்புகள் தரையைத் தொட்டு, கழுத்தை ஒருமுறை உதறிவிட்டு நின்றது. தம்பி எங்கே விட்டான், சுண்டெலி எங்கே தொடங்கினான் என்று அவள் தேடினாள். இத்தனை மாதம் பார்த்த படம். கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தான் பாவி.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். மூன்றாவது முறை குதிரை கழுத்தை உதறியபோது அம்மா திரையில் விரலை வைத்தாள்.

"இதோ, இந்த உதறல். இது அவன் போட்டது. தலைக்குக் குளிச்சுட்டு வந்து இப்படித்தான் உதறுவான், வீடெல்லாம் தண்ணி."

அந்த உதறல் முழுக்கச் சுண்டெலியுடையது. தம்பியின் குதிரை தரைக்கே வரவில்லை.

"ஆமாம்மா," என்றாள் அவள். "அவன் போட்டதுதான்."