குதிரைச் சுனைக்கு வழி

செஞ்சிக்குப் போகிற வழியைப் புதுச்சேரியில் ஹாஜாவைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. எந்த இடத்தில் மணல் டயரைப் பிடிக்கும், எந்தத் திருப்பத்தில் நாய் துரத்தும், எந்த மரத்தடியில் மோர் கிடைக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரே ஒரு குறை. வில்லியனூருக்கு மேற்கே அவர் போனதே கிடையாது.

முல்லா வீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கைமாற்றிக் கொடுத்ததும், சுற்றிலும் இருந்த சுங்கச் சாவடிகள் காலியாகிவிட்டன. மூட்டையை அவிழ்த்துக் காட்டாமலே எல்லையைத் தாண்டலாம் என்றானதும் பலருக்குக் கால் அரிப்பு எடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகப் பழைய ஊர்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஹாஜா ஒரு வழிப்படமும் வரைந்து கொடுத்தார். நீலப் பென்சிலில் சங்கராபரணி ஆறு, சிவப்பில் பாதை. விவரமெல்லாம் பஞ்சர் ஒட்ட வருகிற பால்காரர்களிடமும் கருவாட்டு வியாபாரிகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது. நேரில் போய்ப் பார்க்க நேரமில்லை என்பார். உண்மையைச் சொன்னால், நாள் முழுக்க சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அதில் ஏறி உட்காரவே பிடிக்கவில்லை.

படத்தில் ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைத் தாண்டினால், செஞ்சிக் கோட்டை வரைக்கும் சொல்லும்படி எதையும் யாரும் சொல்லவில்லை. மனைவி ஜஹபர் நிஷா அந்த இடத்தில் விரலை வைத்து, இவ்வளவு தூரத்துக்கு ஒண்ணுமே இல்லைன்னா யாருக்குப் போக மனசு வரும் என்று கேட்டாள். தேசிங்கு ராஜா அந்தப் பக்கம் குதிரை ஓட்டினவர்தானே, எங்கேயாவது குதிரைக்குத் தண்ணி காட்டாமலா இருந்திருப்பார் என்றும் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஹாஜா பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு சின்ன வட்டம் போட்டு, பக்கத்தில் ‘குதிரைச் சுனை’ என்று எழுதினார்.

அதன்பிறகு இரண்டு வருஷம் அதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம், சாரத்தில் ஒரு வீட்டு மாடியில் சைக்கிள் உலாச் சங்கம் கூடியது. தலைவர் தெய்வசிகாமணி, பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதிலும் மீசைக்கு மெழுகு தடவாமல் வெளியே வரமாட்டார். தன் செஞ்சிப் பயணக் குறிப்பை எழுந்து நின்று வாசித்தார். “குதிரைச் சுனையில் மூன்று கை நீர் அள்ளிப் பருகினேன். இளநீர் தோற்றது.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹாஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் போட்ட வட்டத்துக்குள் அல்லா நிஜமாகவே தண்ணீரை ஊறவைத்துவிட்டானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார்.

வாசித்து முடிந்ததும் கமலா டீச்சர் எழுந்தார். உழவர்கரைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர், நாற்பது வயது, சங்கத்தில் புதிது. அப்படிப்பட்ட சுனையை எல்லாரும் பார்க்க வேண்டாமா, தலைவர் வழிகாட்ட, வழிப்படம் போட்ட ஹாஜா பாயும் கூட வர, மாசியில் ஒரு பயணம் போகலாமே என்றார். செஞ்சியில் தன் அக்கா வீடு இருக்கிறது, ராத்தங்கலுக்குக் கவலையில்லை என்றும் சொன்னார். பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையிலேயே தெய்வசிகாமணி கடைக்கு வந்தார். சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தார், பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். பிறகு, அந்த ஆற்றோரப் பாதை இப்போது மோசமாம், மயிலம் வழியாகப் போனால் என்ன என்றார். மாசியில் சுனையெல்லாம் வற்றிப் போயிருக்கும் என்றார்.

“கோடையிலயும் வத்தாத சுனைன்னு நீங்கதான ஐயா எழுதியிருந்தீங்க” என்றார் ஹாஜா.

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாஜாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கிய பிறகுதான், தானும் அதே பயணத்தில் போகவேண்டும் என்பது உறைத்தது.

குறித்த நாளில், விடியற்காலையில், பதினோரு பேரில் மூன்றே பேர்தான் வந்தார்கள். தலைவர் வரமாட்டார், பயணம் தள்ளிப்போகும் என்று நம்பி ஹாஜா வந்திருந்தார். ஹாஜா வரமாட்டார் என்று நம்பித் தலைவர் வந்திருந்தார். கமலா டீச்சர் இருவரையும் பார்த்துச் சந்தோஷப்பட்டு, லேடீஸ் சைக்கிளில் ஏறி முன்னால் போய்விட்டார்.

வில்லியனூர் வரைக்கும் ஹாஜா கம்பீரமாகத்தான் ஓட்டினார். அதற்கப்புறம் தொடை இரண்டும் முறுக்கிக்கொண்டன. எல்லை தாண்டினதும் கிலோமீட்டர் கற்கள் போய் மைல் கற்கள் வந்தன. ஒவ்வொரு கல்லும் முன்னதைவிடத் தள்ளி நட்டமாதிரி இருந்தது. திருவக்கரையில் கல்மரங்களைத் தடவிப் பார்த்தார்கள். கோயில் வாசலில் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டார்கள். அங்கேதான் டீச்சர் படத்தைப் பிரித்து, இனி சுனைக்கு யார் முன்னால் போவது என்று கேட்டார்.

தண்ணீர் குடித்தவர்தான் போகவேண்டும் என்றார் ஹாஜா. படம் போட்டவர் இருக்கும்போது தான் முந்துவது மரியாதையில்லை என்றார் தலைவர். இப்படியே ஒருவரையொருவர் முன்னால் தள்ளி, கடைசியில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினார்கள். ஆற்றோரம் மூன்று மைல் போயும் சுனை வரவில்லை. வெயில் ஏறியது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட ஒரு கொல்லைக்குக் கீழே, பச்சையாகப் பாசி படர்ந்த ஒரு குட்டை தெரிந்தது. தலைவர் சட்டென்று பிரேக் பிடித்து, இதுதான் என்றார்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். கமலா டீச்சர் விடவில்லை. பயணக் குறிப்பில் எழுதினமாதிரியே மூன்று கை குடித்துக் காட்டுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது என்றார். கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த வீராயி என்ற பெண்பிள்ளை, நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். அது எருமை படுக்கிற குட்டை என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

தெய்வசிகாமணி சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கரையில் இறங்கினார். வேட்டியை மடித்துக்கொண்டு மண்டியிட்டார். பாசியை விலக்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். ஹாஜா சிரிக்கத் தயாராகத்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் மெழுகு கரைந்து மீசை தொங்குவது கண்ணில் பட்டது. இந்த மனுஷன் பொய்யை ஒத்துக்கொள்வதைவிட எருமைத் தண்ணீரைக் குடித்துவிடுவார் என்று தெரிந்தது.

“குடிக்காதீங்க ஐயா” என்றார் ஹாஜா. “இங்க சுனையே கிடையாது. எடம் காலியா இருந்துச்சுன்னு நான் சும்மா போட்டது. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.”

தலைவர் விரல்களை விரித்தார். தண்ணீர் ஒழுகிப் போனது. தான் திருவக்கரை வரைக்கும் வந்தது நிஜம் என்றார். அங்கே முழங்கால் வீங்கிவிட்டதாம். பத்துப் பேர் கைதட்டி வழியனுப்பி வைத்திருக்க, பாதியில் திரும்பினேன் என்று எப்படிச் சொல்வது, அதனால் படத்தைப் பார்த்து மிச்சத்தை எழுதிவிட்டாராம்.

இருவரும் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

“பொங்கல் லீவுல அக்கா வீட்டுக்கு வந்தப்ப, இந்தப் படத்தை வச்சிக்கிட்டு மூணு மணி நேரம் வெயில்ல தேடினேன்” என்றார் கமலா டீச்சர். “திரும்பி வந்தா இவர் இளநீருன்னு வாசிக்கிறார். உங்க ரெண்டு பேரையும் இங்க கொண்டாந்து நிறுத்தணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.”

முதலில் சிரித்தது வீராயிதான். தண்ணிக்கா இவ்வளவு பாடு என்று சொல்லி ஆற்றுக்குள் இறங்கி, மணலை முழங்கை ஆழம் தோண்டினாள். ஊற்று சுரந்தது. கலங்கல் தெளியும்வரை இறைத்துவிட்டுக் குடிக்கச் சொன்னாள். தலைவர் மூன்று கைக்கு மேலேயே குடித்தார். இளநீரோடு ஒப்பிடவில்லை, ஏப்பம்தான் விட்டார்.

பொழுது சாயும்போது செஞ்சி மலைகள் தெரிந்தன. பாறைமேல் பாறையாக அடுக்கி, உச்சியில் கோட்டைச் சுவர் ஓட, எல்லாம் மாலை வெயிலில் செங்கல் நிறமாக இருந்தது. ஹாஜா ரோட்டிலேயே இறங்கி நின்றுவிட்டார். இத்தனை வருஷம் இத்தனை பேரிடம் கேட்டும் இதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. டீச்சரின் அக்கா வீட்டில் ராச்சாப்பாடு சாப்பிட்டார்கள். பிறகு ஆண்கள் இருவரும் பக்கத்துச் சத்திரத்தில் படுத்தார்கள்.

மறுநாள் கோட்டை ஏறி இறங்கினதும் ஹாஜாவால் உட்கார முடியவில்லை, தலைவரால் முழங்காலை மடக்க முடியவில்லை. திரும்பவும் நாற்பது மைலுக்கு மேல் இருந்தது. சாயங்காலம் ஊர் எல்லையில் பூமாலையோடு காத்திருப்பதாகச் சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். இருவரும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது விழுப்புரம் பஸ் ஒன்று வந்து நின்றது. கமலா டீச்சர் அதன் மேலே சைக்கிள் ஏற்ற இடம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். தனக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கிறது என்றார். வேறு காரணம் யாரும் கேட்கவில்லை.

விழுப்புரத்தில் பஸ் மாறி, வில்லியனூருக்குக் கொஞ்சம் முன்னாலேயே, சங்கத்தார் கண்ணில் படாமல் இறங்கிக்கொண்டார்கள். கண்டக்டர் மூன்று சைக்கிளையும் கயிறு அவிழ்த்து இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் மறைந்ததும் டீச்சர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். சலவையிலிருந்து வந்தமாதிரி இருக்கிறீர்களே என்று சொல்லி, குனிந்து ரோட்டுப் புழுதியை ஒரு கை அள்ளி, தலைவரின் தோளில் தூவினார்.

தெய்வசிகாமணி மறு தோளையும் திருப்பிக் காட்டினார்.