கிளேபாங்கில் தண்ணீர் வற்றிய ஞாயிறு

1

இந்தக் கதை பிறந்தது பக்தியில் அல்ல, சேற்றில். ஒரு மாலை கிளேபாங் கடற்கரையில் வறுத்த கடலை கொறித்துக்கொண்டு நின்றிருந்தேன். கடல் உள்வாங்கிப் போய் வெகுதூரத்துக்கு வெறும் சேறாகக் கிடந்தது. அப்போது எனக்கு ஒரு குறும்பான சந்தேகம் வந்தது. பாப்டிஸ்டு சபைக்காரர்கள் ஆளை முழுசாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தால்தான் ஞானஸ்நானம் என்பார்கள். தலையில் தெளித்தால் செல்லாது, கைக்குழந்தைக்குக் கொடுத்தாலும் செல்லாது. அப்படிப்பட்டவர்கள் மலாக்காவில், இப்படி வற்றிப்போகும் கடலை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள்?

கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அவர்கள்மேல் மரியாதை வந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

(இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் நான் எழுதும் இந்தச் சபை இருந்ததில்லை. ஒரு தையல்கடையின் மேல்மாடியை நானே பார்த்து அவர்களுக்குக் கொடுத்தேன். ஆறு பெஞ்சு, கால் ஆடும் ஒரு மேசை, இருபத்தொன்பது அங்கத்தினர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1957 ஆகஸ்டு 25. இன்னும் ஆறு நாளில் நாடு சுதந்திரம் அடையப்போகிறது. தெருவெங்கும் கொடிகள்—"

வேண்டாம். கொடிகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

"தியாகு பினாங்கில் மூன்று வருட வேதாகமப் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பியபோது அவன் பெட்டியில்—"

பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் மனத்தில் இருந்ததுதான் தெரியும். அதைச் சொல்ல நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

இந்தச் சபையில் எல்லாவற்றுக்கும் ஓட்டு. மேலே ஆயர் கிடையாது, உத்தரவு போட ஆள் கிடையாது. போதகரைத் தேர்ந்தெடுக்கவும் கை தூக்குவார்கள், பெஞ்சுக்குச் சாயம் பூசவும் கை தூக்குவார்கள். 1953இல் ஞானஸ்நான ஆராதனைக்கு நேரம் குறிக்கவும் அப்படித்தான் கை தூக்கினார்கள். பதினேழு கைகள் மாலை நாலு மணி என்றன. கடலுக்கு எது வசதி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலு மணிக்குப் போனால் கடலைக் காணோம். வெள்ளை அங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தார்கள், நடந்தார்கள், தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேல் ஏறவே இல்லை. ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் இரண்டு பேர்: இருபது வயது தியாகு, ஆஸ்பத்திரி ஆயா சாரதாம்பாள். வெளியூரிலிருந்து வந்த வெள்ளைக்காரப் போதகர், இருக்கிற தண்ணீர் போதும் என்று தியாகுவை மல்லாக்கச் சாய்த்தார். அடியில் சிப்பி. சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் மூத்த உதவிக்காரர் நல்லையா குனிந்து, பையன் தலையில் சிப்பி குத்தாமல் தன் உள்ளங்கையைக் கீழே கொடுத்தார். நெஞ்சு நனைந்தது, காது நனைந்தது. முகம் மட்டும் வானத்தைப் பார்த்தபடி வெளியே இருந்தது. போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பாடினார்கள்.

3

நல்லையாவை வில்லனாக்கத்தான் பார்த்தேன். அவர் ரப்பர் வியாபாரி ஒருவரிடம் கிராணி, அதாவது குமாஸ்தா. சட்டப்பையில் எப்போதும் இரண்டு பேனா, வாயில் எப்போதும் சபை விதி. ஆனால் அந்த உள்ளங்கையை எழுதிய பிறகு அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

தன் முகம் முழுகவில்லை என்பது தியாகுவுக்கு உறைத்தது பினாங்கில், இரண்டாம் வருடம். அங்கே ஞானஸ்நானம் கொடுக்கவும் பயிற்சி உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். சிமெண்டுத் தரையில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், மாணவர்கள் ஒருவரை ஒருவர் சாய்த்துப் பழகுவார்கள். ஒரு கை முதுகில், ஒரு கை கைக்குட்டையோடு மூக்கில். "கண்ணை மூடாதே. முகம் மறைகிறதா என்று பார்த்த பிறகுதான் தூக்க வேண்டும்" என்றார் ஆசிரியர். தியாகு தரையில் படுத்தபடியே கிளேபாங்கை நினைத்தான்.

(ஓரக்குறிப்பு. இது என் கற்பனை அல்ல, வரலாறு. இந்தக் கதை நடக்கும் காலத்துக்கு ஏறக்குறைய முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் இந்தச் சபைகளின் முதல் கூட்டத்தைச் சேர்த்த ஆங்கிலப் போதகர், தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தகுதியான ஆள் இல்லையென்று தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார். அதுவும் முழுக்கு அல்ல, தண்ணீரை ஊற்றிக்கொண்டதுதான் என்கிறார்கள். பிறகு அது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தை மறைக்காமல் சொன்னார். எனக்கு இவர்களைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.)

4

இனி அந்த ஆகஸ்டு ஞாயிறு. தியாகுவைப் போதகராக ஏற்று, தலையில் கை வைத்து ஜெபிக்கும் நாள். அதற்குமுன் சபையார் முன்னிலையில் கேள்வி கேட்பார்கள். பினாங்கிலிருந்து வந்த மூத்த போதகர் ஒருவர், சடங்குக்குக் கேட்பதுபோல், "உங்க ஞானஸ்நானத்தைப் பத்திச் சொல்லுங்க தம்பி" என்றார்.

தியாகு எழுந்தான். "ஐயா, என் முகம் முழுகல. ரெண்டு வருசமாத் தெரியும். யாரும் கேக்காம இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். கேட்டுட்டீங்க."

கீழே தையல் இயந்திரம் ஓடுவது கேட்டது.

"கைய வச்சது நான்தான்," என்றார் நல்லையா. "சிப்பி குத்துமேன்னு வச்சேன்." பிறகு அவருக்குள் இருந்த கிராணி விழித்துக்கொண்டார். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல. அன்னிக்கு அதே தண்ணியிலதான் சகோதரி சாரதாம்பாளும் எறங்கினாங்க. தீர்மானம் ஆகிற வரைக்கும் ரெண்டு பேரும் சபையில அங்கமான்னே சொல்ல முடியாது. அதுக்குப் போடுற ஓட்டுல அவங்களும் சேர முடியாது."

தியாகு சாரதாம்பாளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருடம் தன் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டியவனுக்கு இந்த அம்மாளின் நினைப்பு ஒருமுறைகூட வரவில்லை. "ஆயாம்மா, உங்கள நெனைக்காமப் பேசிட்டேன்."

"நீ பேசினது சரிதான் தம்பி. உள்ளத மறைக்கிற போதகர வச்சி நாங்க என்ன செய்ய?" சாரதாம்பாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கிராணி ஐயா, அன்னிக்கு ஈரச் சேலையோட வீட்டுக்குப் போனேன். எம் புருசன் வாசல்லயே நிப்பாட்டி, வந்த வழியே போயிருன்னாரு. நாலு வருசமா ஆஸ்பத்திரி கோட்டர்ஸ்லதான் இருக்கேன். தண்ணி மூக்குக்கு மேல வந்திச்சான்னு எனக்குத் தெரியாது, கண்ண மூடியிருந்தேன். திரும்ப எறங்குன்னா எறங்க மாட்டேன். அன்னிக்கு நடந்தது முழுக்கு இல்லன்னா, நான் எதுக்காக வீட்ட விட்டேன்?"

நல்லையா சட்டப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துத் தீர்மானத்தை எழுதத் தொடங்கினார்.

மலாயாவின் 1955 பொதுத் தேர்தலில் சாரதாம்பாளுக்கு ஓட்டு இல்லை, அவரிடம் குடியுரிமைக் காகிதம் இல்லை. அவர் தூக்கிய கைக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் இந்த மேல்மாடி.

5

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

முதல் முடிவு: அலை ஏறியதும் எல்லோரும் கிளேபாங்குக்குப் போகிறார்கள். தியாகு கழுத்தளவு தண்ணீரில் முழுகி எழுகிறான். கரையில் சாரதாம்பாள்— இல்லை. அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் வசதிக்காக அவரை இறக்க முடியாது.

இரண்டாவது: தியாகு ஆம்ஸ்டர்டாம் கதையைச் சொல்லி வாதாடி ஜெயிக்கிறான். அவனுக்கு அது தெரியும், பரீட்சையிலும் எழுதியிருக்கிறான். வாயைத் திறக்க மறுக்கிறான். தன் விஷயத்துக்குத் தானே வக்கீலாக நிற்க மாட்டானாம்.

ஆக, ஓட்டுதான். நல்லையா தீர்மானத்தை வாசித்தார்: "அன்று கிளேபாங்கில் நடந்தது ஞானஸ்நானம்தான் என்று இந்தச் சபை ஏற்கிறது. சம்மதமுள்ளவங்க கை தூக்குங்க."

ஏற்றால் தியாகு போதகர், சாரதாம்பாள் சபையில் இருப்பார். ஆனால் முழுக்குக்காக ஊரெல்லாம் வாதாடிய சபை தன் பேச்சைத் தானே தளர்த்தியதாகும். ஏற்காவிட்டால் விதி நிற்கும், இந்த இருவரும் வெளியே நிற்பார்கள்.

இருவரைக் கழித்தால் இருபத்தேழு பேர். பதின்மூன்று கைகள் மேலே போயின. பதின்மூன்று பேர் தூக்கவில்லை, அவர்களும் கெட்டவர்கள் அல்லர். மீதி, தலைமை வகித்த நல்லையா. (எழுத்தாளனின் மலிவான வித்தை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நானும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.)

நல்லையாவின் கையைத் தூக்கவைக்க என்னால் முடியும், பேனா என்னிடம்தான் இருக்கிறது. அப்படிச் செய்தால் நான் இவர்களுக்கு ஆயராகிவிடுவேன். மேலிருந்து ஒருவர் முடிவு சொல்வதை இத்தனை காலம் ஒத்துக்கொள்ளாதவர்கள், என்னையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனவே பேனாவை மூடுகிறேன். நல்லையா, தியாகுவின் தலையைத் தாங்கிய அந்த உள்ளங்கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின் பெஞ்சில் சாரதாம்பாள் தன் வலது கையை இடது கையால் மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறார், பழக்கதோஷத்தில் தூக்கிவிடக் கூடாதே என்று. அவர் பக்கத்தில் இடம் இருக்கிறது. இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள் அங்கே உட்காருங்கள். உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது?