அச்சுக்கூலி

துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் விற்றவன் எனக்கு மூன்று டீ வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொரு டீக்கும் கொஞ்சம் விலை இறங்கினான். நாலாவது டீக்கு அவனுக்கே மனசு வரவில்லை, நான் கேட்ட விலைக்குத் தந்துவிட்டான். காதர்பேட்டையில் கம்பெனிகள் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியன் விற்கிற என்னிடம் அவன் வேறு என்ன செய்ய முடியும்.

2008 ரமலான் அது. எங்கள் பள்ளிவாசலில் பெண்களுக்கு மார்க்க அறிவுப் போட்டி வைத்தோம், முப்பது கேள்விகள். முதல் பரிசுக்கு ஒரு கம்பெனி முதலாளி பணம் தந்திருந்தார். அதற்குச் சாதாரணத் தையல் மெஷின்தான் வரும். அச்சுக்கூலிக்கென்று படிவத்துக்கு ஐந்து ரூபாய் வைத்திருந்தோம். நான் பிரஸ்காரரிடம் பேசி, படிவத்தின் பின்பக்கம் அவர் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, இலவசமாகவே அடித்து வாங்கிவிட்டேன். எண்ணூறு படிவம் போனது. அந்தக் காசையும் சேர்த்துத்தான் பழைய ஜப்பான் ஓவர்லாக் வாங்கினேன். இந்தச் சாமர்த்தியத்தைப் பெருநாள் மேடையில் மைக் பிடித்து நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் பரிசு சம்சாத்துக்கு. வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் யூனிட்டில் நின்றுகொண்டே பீஸில் குறை பார்க்கிற செக்கிங் வேலை அவளுக்கு. காலில் நரம்பு சுருண்டு புண்ணாகியிருந்தது. இனியும் நின்றால் காலே மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷின் வீட்டுக்கு வந்த மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். உட்கார்ந்து தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

பத்து நாள் கழித்து அவளே என்னைப் பள்ளிவாசலுக்கு அழைத்தாள். இமாம் ஹஜ்ரத்திடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம்.

"பதினேழாவது கேள்விங்க ஹஜ்ரத். மதுவோட சேத்து நமக்கு விலக்குன இன்னொண்ணு என்னன்னு கேட்டிருந்தாங்க. சூதுன்னு எழுதுனேன். படிவக் காசும் மெஷின்ல சேந்திருக்குன்னு மேடையில அண்ணன் சொன்னது நெனப்பு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க."

அது அச்சுக்கூலிதானே என்று நான் குறுக்கே புகுந்தேன். ஹஜ்ரத் என் பக்கம் திரும்பினார்.

"காசு அச்சுக்குப் போச்சுங்களா பாய்?"

போகவில்லை. போகாமல் பார்த்துக்கொண்டதே நான்தான்.

"முதலாளி தனியாக் கொடுத்த பரிசுன்னா குத்தமில்லைங்க. தோத்தவங்க போட்ட காசு ஜெயிச்சவங்க கைக்குப் போனா அது சூது. அஞ்சு ரூபா, அஞ்சு லட்சம்னு அதுல பேதமில்லைங்க."

அவரிடமும் பேரம் பேசிப் பார்த்தேன். படிவக் காசை மட்டும் தர்மம் செய்துவிட்டு மெஷினை வைத்துக்கொள்ளட்டுமே என்றேன். உரியவர்கள் இருக்கும்போது தர்மம் எதற்கு, அவர்களிடமே திருப்பித் தாருங்கள் என்றார். அந்த நாலாயிரத்தை நானே போட்டிருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் பேங்க் விழுந்து, இங்கே பனியன் ஆர்டர் நின்று, என் குடோனில் சரக்குத் தேங்கிக் கிடந்தது. முதலாளியிடம் கேட்கலாமென்றால் அவர் கம்பெனியிலேயே பாதி லைன் நின்றுபோயிருந்தது.

மெஷினை விற்ற கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் ஆர்டர் இல்லாத யூனிட்டுகள் விற்ற பழைய மெஷின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. இந்தத் தடவை டீ வரவில்லை. வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே சொன்னான், அதிலிருந்து ஒரு ரூபாய் ஏறவில்லை. கிடைத்த பணம் எண்ணூறு பேருக்கும் திருப்பித் தரவே சரியாக இருந்தது.

படிவம் வாங்கியவர்களின் பட்டியலும் கையுமாக வீடு வீடாகப் போனேன். சம்சாத்தின் பெயர் நானூற்றுச் சொச்சத்தில் வந்தது. அவள் வேலைக்கு யூனிட்டில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், கட்டுத்துணி நனைந்திருந்தது. உள்ளே மெஷினுக்காக ஒழித்து வைத்த இடம் அப்படியே காலியாகக் கிடந்தது.

அவளும் ஐந்து ரூபாய் கட்டியவள்தானே. நீட்டினேன். அந்த நாணயத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"மார்க்கத்துல இது எனக்கு ஆகுங்களாண்ணா?"

ஆகும் என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்தேன்.