மாலைமாற்று

நான் எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் கொடுப்பேன். மீதி வாங்குவதற்காக. துவாக்குடி டீக்கடையில் மற்றவர்கள் போனை நீட்டும்போது நான் நூறு ரூபாயை நீட்டுவேன். கடைக்காரர் பிராங்க்ளின் மீதியைத் தரும்போதே, "முதல்ல நம்பரைப் பாத்துடுங்க சார், அப்புறம் எண்ணுங்க" என்பார்.

நோட்டு எண்களைப் பார்க்கும் பழக்கம் என் மனைவி மைத்ரேயி ஏற்படுத்தியது. ஆறு இலக்கம். வரிசையாக ஏறுவது, எல்லாம் ஒரே எண்ணாக இருப்பது, முன்னும் பின்னும் ஒரே மாதிரி வருவது. கடைசி வகைக்கு அவள் வைத்த பெயர் மாலைமாற்று. அவள் தமிழ் எம்.ஏ. திருப்பிப் படித்தாலும் மாறாத செய்யுளுக்கு அந்தப் பெயராம். நோட்டுக்கும் பொருந்தும் என்றாள். வியாபாரியிடம் வாங்கக் கூடாது, தானாகக் கைக்கு வர வேண்டும் என்பது அவள் விதி. அவள் இறந்த பிறகும் நான் அதை மீறவில்லை.

முதல் மாலைமாற்று முக்கொம்பில் கிடைத்தது. மாங்காய்க் கீற்று விற்ற அம்மாள் கொடுத்த இருபது ரூபாய். 740047. மைத்ரேயி அதைக் கசங்காமல் இரண்டு விரலால் பிடித்தபடியே பஸ்ஸில் வந்தாள். டிக்கெட்டுக்கு என்று நினைத்து கண்டக்டர் வாங்கப் பார்த்தார். "இது இல்லை, இது இல்லை" என்று கையைத் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே 'மாலைமாற்று' என்று எழுதி, பூஜை அலமாரியில் வைத்தாள். கண்ணாடிக் கதவு உள்ள அலமாரி அது ஒன்றுதான். பூச்சி போகாது.

வெள்ளிக்கிழமைகளில் மாமியார் ரங்கம்மா எங்கள் வீட்டுக்கு வந்து விளக்கேற்றுவார். ஒரு சாவி அவரிடம் இருக்கிறது. போன வெள்ளி நான் வேலை முடிந்து வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உறை இல்லை. அவருக்குப் போன் செய்தேன். மாமனார் எடுத்தார்.

"போனை வச்சுட்டு தாயார் சன்னதிக்குப் போயிருக்கா. மைத்ரேயி ஏதோ பிரார்த்தனை பண்ணிண்டு பணம் எடுத்து வச்சிருந்தாளாமே. அவளோட வருஷ ஆப்தீகமும் முடிஞ்சாச்சு, இனிமே தாமதிக்கப்படாது, உண்டியல்ல சேர்த்துடறேன்னு கிளம்பினா."

"என்ன பிரார்த்தனை?"

"திருக்கல்யாணத்துல மாலை மாத்தறதுக்காம். மேல எழுதியே வச்சிருந்தாளே."

ஓடினேன். ஒரு வருஷமாக எதற்கும் ஓடியதில்லை. பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் வரட்டும் என்று நிற்பவன் நான். இப்போது எனக்கு அந்த நோட்டு வேண்டும். உண்டியலில் விழுந்தால் விழுந்ததுதான்.

தாயார் சன்னதியில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். மாமியார் உண்டியல் முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தார். கூப்பிய கைகளுக்கு நடுவே உறை.

"மாமி, போடாதேங்கோ."

கண்ணைத் திறந்தார். "என்ன மாப்பிள்ளை, இப்படி இரைக்கறது?"

"அது பிரார்த்தனைப் பணம் இல்லை. நம்பரைப் பாருங்கோ. திருப்பிப் படிச்சாலும் அதேதான். அதுக்குத்தான் அவ மாலைமாற்றுன்னு பேர் வச்சா."

உறையைத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக வாய்க்குள் சொன்னார். பிறகு பின்னாலிருந்து சொன்னார்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"அப்போ குழந்தை தாயாருக்குப் பாக்கி ஒண்ணும் வைக்கலையே?"

"இல்லை மாமி."

"போன வாரம் அலமாரியைத் துடைக்கறச்சே பார்த்தேன். அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை. நேர்ந்துண்டதைச் செய்யாம போயிட்டாளேன்னு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். "பெத்தவளுக்கே புரியாத தமிழைப் படிச்சிருக்கா, பாருங்கோ."

நானும் சிரித்தேன்.

பின்னால் நின்ற பெண், "மாமி, போடறதுன்னா போடுங்க, இல்லன்னா கொஞ்சம் நகருங்க" என்றாள்.

"இரும்மா. வந்துட்டு வெறுங்கையோட திரும்பப்படாது." மாமியார் உறையை என்னிடம் கொடுத்துவிட்டு, பர்ஸிலிருந்து வேறொரு நோட்டை எடுத்தார். உண்டியல் வாய் வரை கொண்டுபோனவர் நிறுத்தி, என் பக்கம் நீட்டினார்.

"இதைப் போடலாமோ? பார்த்துச் சொல்லுங்கோ."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாதாரண எண்.

"போடலாம்."

போட்டார். பின்னால் நின்ற பெண் தன் கையிலிருந்த நோட்டைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.