ஜெர்மனி டப்பா

பூவம்மாள் மூட்டை கட்டிவிட்டாள். ஆற்காட்டுத் தாய்வீட்டுக்குப் போவதாக ஆம்பூருக்கே கேட்கும்படி அறிவித்தும் ஆயிற்று. புருஷன் ஆரோக்கியசாமி மறுபடி குடித்தால் ஒரு பொழுதும் தங்கமாட்டேன் என்று, மாதா கோயிலில் அவனிடம் சத்தியம் வாங்கியபோதே சொன்னவள்.

இத்தனைக்கும் அவள் கையால் ஊற்றிக்கொடுத்த பாயசம்தான் வினை. ஆரோக்கியசாமிக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பென்றால் உயிரை விடுகிறவன், பத்தியத்தில் இளைத்துப்போனான். அவன் வேலைசெய்யும் தோல் மண்டியின் முதலாளி முனீர் அகமது மனமிரங்கி, தோல் வாங்க வந்த ஜெர்மன்காரர் விட்டுப்போன டப்பாவைக் கொடுத்தார். உள்ளே வெள்ளைத் தூள். தித்திக்குமாம், சர்க்கரை வியாதிக்காரரும் சாப்பிடலாமாம். அதைப் போட்டுத்தான் பாயசம். மனுஷன் சட்டியையே வழித்துவிட்டான்.

அப்போது பார்த்தா வரவேண்டும், மண்டி குமாஸ்தா ராஜகோபால்? ஜெர்மன் பாஷை ஒன்றும் விளங்காவிட்டாலும், டப்பாவின் மேல் ‘ஆல்கஹால்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரையில் காய்ச்சிய சாராயம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். ஆரோக்கியசாமிக்குக் கண் சொருகியது, கால் பின்னியது. பூவம்மாள் மூட்டையைக் கட்டியது அப்போதுதான். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருந்த ஊமைக்கோட்டான், தெருவில் நின்று பாட ஆரம்பித்தான். பூவம்மாளுக்கு வாய்த்த மூக்கு மதராஸிலும் கிடையாதாம். அவள் குழம்புக்கு முதலாளி வீட்டு பிரியாணி கால்தூசு பெறாதாம். அவள் போய்விட்டால் பாலாற்றில் விழுவானாம், தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பாயசத்தை ருசி பார்த்திருந்த பூவம்மாளுக்கும் இப்போது தலை கிறுகிறுத்தது. பயந்துபோய், அவனையும் டப்பாவையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

டாக்டரம்மா படித்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஆல்கஹால் என்பது இந்த மாதிரி இனிப்புக்கு ரசாயனக்காரர்கள் வைத்த பேர்தானாம், இதில் துளி போதையும் கிடையாதாம். அதிகம் தின்றால் வயிறு மட்டும் போகுமாம்.

ஆரோக்கியசாமியின் தள்ளாட்டம் அங்கேயே நின்றது. வீடு வரைக்கும் தலை நிமிரவில்லை. பூவம்மாளுக்கோ இப்போதுதான் நிஜமாகவே ஏறியது. அத்தனையும் அவன் தெளிவாக இருந்து சொன்னது!

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் பாய்ந்தான். அவள் கதவை மறித்து நின்றாள்.

“வழிய வுடு பூவு, கலக்குது.”

“மூக்கப் பத்தி இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லிட்டுப் போய்யா.”

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“அழகுதான். கட்டிக்கின நாள்லேர்ந்து அழகு. சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சி.”

பூவம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. விலகி நின்றாள். அவன் ஓடினான்.