ராக்கெட்டின் வேகம்

ஆபீஸில் அவனுக்கு ராக்கெட் என்று பேர். வீட்டில் அந்த ராக்கெட்டைக் காலையில் ஏவுவதற்கு அண்ணன், அண்ணி, தண்ணீர்ச் சொம்பு மூன்றும் வேண்டும். அது ஆபீஸுக்குத் தெரியாது.

உலகத்தில் எல்லாமே மெதுவு என்பது ராக்கெட்டின் கட்சி. மேனேஜர் மெதுவு. லிஃப்ட் மெதுவு. தினமும் ஸ்டாப்பில் அவனைக் கால் கடுக்க நிற்க வைக்கிற பஸ் மகா மெதுவு. "ஒரு நாளாவது நேரத்துக்கு வர்றானா பாருங்க அண்ணி, சோம்பேறிப் பசங்க!" என்பான், பனியனைப் பின்பக்கம் முன்னால் மாட்டிக்கொண்டு. அண்ணி வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் சிரிப்பு வந்துவிடும்.

அண்ணியும் அதே கம்பெனிதான். துணி துவைக்கிற மெஷின், மாவு அரைக்கிற மெஷின் எல்லாவற்றோடும் ஒரு கையேடு வருமே, யாரும் படிக்காமல் டிராயரில் போடுவது, அதை வீட்டிலிருந்தே எழுதுகிறவள். குழந்தை பிறந்து வீட்டோடு கிடந்த பிறகு, பரீட்சை எழுதி, பேட்டிக்குப் போய், தானாக வாங்கின வேலை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார இந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை கிடைத்தது அந்த வேலையால்தான். ராக்கெட் செய்தது விளம்பரத்தை அனுப்பிவைத்தது மட்டும். ஆனால் ஊரெல்லாம், "அண்ணிக்கு நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன்." நல்லாயிருக்கே கதை!

கையேடுகள் எல்லாம் கடல் தாண்டி, தலைமை ஆபீஸின் சர்வரில் இருந்தன. இங்கே ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால், அது அங்கே போய், பதில் வந்து சேர்வதற்குள் போட்ட டீ ஆறிவிடும். அதற்குத்தான் ராக்கெட் ஒரு டூல் எழுதினான். ஃபைலின் நகல் ஒன்றை நம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ள வேண்டியது. நாம் அந்த நகலில் வேலை பார்ப்போம். மாறின பக்கங்களை மட்டும் டூல் பின்னாலிருந்து சத்தம் போடாமல் சர்வருக்கு அனுப்பிவிடும். சும்மா சொல்லக் கூடாது, பையன் வேலை நன்றாகத்தான் செய்திருந்தான். தட்டினால் திறந்தது, திருத்தினால் சேர்ந்தது. வாயைத்தான் மூட முடியவில்லை. "என் டூல் வந்த பிறகு இங்க மெதுவா இருக்கிறது மனுஷங்க மட்டும்தான்!"

அப்போதுதான் அந்த வரி காணாமல் போனது.

'மின்சாரத்தைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்.' மாவு மெஷின் கையேட்டில் சரிபார்ப்பவர் சேர்த்த வரி. சேர்த்தார், காணோம். மறுபடி சேர்த்தார், மறுபடியும் காணோம். அச்சுக்குப் போகிற நேரம். அது இல்லாமல் அச்சாகி யாராவது கையை விட்டால் விரல் போய்விடும். பதிவைத் தோண்டிப் பார்த்ததில், இரண்டு தடவையும் அந்தப் பக்கத்தின் மேல் வந்து உட்கார்ந்தது அண்ணியின் நகல். கடைசியாகக் கை வைத்தது அவள்தான் என்றது சர்வர்.

"நான் அழிக்கல," என்றாள் அண்ணி. "அந்த வரியை நான் கண்ணாலயே பார்க்கல."

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி," என்றான் ராக்கெட், பரிதாபப்படுகிற மாதிரி. "ஆளுங்கதான் சொல்லுவாங்க. பரவாயில்ல, தெரியாம செஞ்சேன்னு சொல்லிடுங்க."

தெரியாமலாம்! அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. மறுநாள் சாயங்காலம் மேனேஜரோடு வீடியோவில் கூட்டம். காரணம் தெரியாவிட்டால் அவளைச் சர்வருக்குள் விட மாட்டார்கள். சர்வருக்குள் விடாத கையேட்டுக்காரிக்கு வேலை எங்கே இருக்கிறது? அப்புறம் அந்த அறையில் மடிக்காத துணியும் பழைய சூட்கேஸும்தான்.

கூட்டத்துக்கு ராக்கெட் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, அவள் அறையில் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டான். கம்ப்யூட்டர் மூலையில் காட்டிய மணிப்படி கூட்ட நேரம் தாண்டிவிட்டது. திரையில் மேனேஜரைக் காணோம்.

"பார்த்தீங்களா? இவரே லேட். இவர் நம்மள விசாரிக்கப் போறாராம்." அலுத்துப்போய்ச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். போனைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். "அண்ணி, உங்க கம்ப்யூட்டர் மணி ஏன் இப்படி முன்னாடி ஓடுது?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"இது மட்டுமா ஓடுது? ஹால் கடிகாரம், சமையல்கட்டு கடிகாரம், எல்லாம்தான். உங்க அண்ணன் செஞ்ச வேலை. போன் ராத்திரி படம் பார்த்தே செத்துக் கிடக்கும், காலையில நீ பார்க்கிறது இதுங்களைத்தானே? இந்தக் கம்ப்யூட்டர் ஹால்ல இருந்தப்ப இதையும் எட்டிப் பார்த்துட்டுப் போய்ப் படுத்துக்குவே. தானா நேரத்தைச் சரி பண்ணிக்கிறதையே அணைச்சுட்டு இதையும் தள்ளி வச்சார். இல்லேன்னா நீ எந்த ஜென்மத்துல ஆபீஸ் போய்ச் சேர்றது?"

ராக்கெட் திருதிருவென்று முழித்தான். "அப்போ... பஸ்ஸு?"

"பஸ் சரியாத்தாம்ப்பா வந்துட்டிருக்கு."

அதற்குள் மேனேஜர் திரையில் வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு. ராக்கெட்டின் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு நகல் மோதிக்கொண்டால் எது புதுசோ அதை வைத்துக்கொள் என்று டூலுக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். புதுசு எது என்பதற்கு அவரவர் கம்ப்யூட்டரின் நேரம்தான் சாட்சி. அண்ணி சேமித்த பிறகு சரிபார்ப்பவர் அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். ஆனால் முன்னால் ஓடுகிற நேரத்தோடு போன அண்ணியின் பழைய நகல்தான் புதுசு மாதிரி ஜெயித்திருக்கிறது.

புரிந்தவன் என்ன சொன்னான் தெரியுமா? "சார், கண்டுபிடிச்சுட்டேன். இவங்க மெஷின்ல நேரம் தப்பு. டூல்ல ஒரு குறையும் இல்ல."

அடப்பாவி! தூங்கினவன் நீ, தண்டனை எனக்கா? அண்ணி நாற்காலியை அவனோடு சேர்த்து ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் திரைக்கு நேரே வந்தாள். "சார், நேரம் தப்புதான். அது ஏன் தப்பாச்சுன்னும் சொல்றேன்." சொன்னாள். சொம்பைக்கூட விடவில்லை.

மேனேஜர் சிரிக்கவில்லை. "அது உங்க வீட்டு விஷயம். ஏம்ப்பா, யார் எழுதினது நிக்கணும்ங்கிறதை டூல் சர்வர்கிட்ட ஒரு வார்த்தை கேட்காதா?"

"கேட்டா தாமதமாகும் சார்," என்றான் ராக்கெட், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆகட்டும். கேட்க வை. நாளைக் காலையில ஆபீஸ்ல இருந்து தலைமை ஆபீஸுக்கு நீதான் வீடியோல காட்டணும், சரி பண்ணினதைக் காட்டு. அம்மா, நீங்க உங்க வேலையைப் பாருங்க. அந்த வரியை உங்க கையாலயே சேர்த்துடுங்க."

ராக்கெட் டூலைச் சரி செய்தான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அண்ணியும் எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் நேரத்தைச் சரியாக வைத்தாள். அப்படியே ஸ்டூலைப் போட்டு ஹால் கடிகாரத்தையும் சமையல்கட்டுக் கடிகாரத்தையும் சரியாக வைத்தாள். புருஷன் பயந்துபோய்ப் பார்த்தான். "நாளைக்கு அவன் எப்படி..."

"மெதுவான மனுஷங்க நாம, நமக்கு என்ன தெரியும்? பேசாம இருங்க."

காலையில் ராக்கெட் தானாகவே எழுந்து வந்தான், அதிசயம்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஹால் கடிகாரத்தைப் பார்த்தான். சமையல்கட்டில் அண்ணி இருப்பதையும் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கெட்டிக்காரச் சிரிப்பு. "எனக்கேவா?" என்று முணுமுணுத்தான். மனசுக்குள் கணக்குப் போட்டான், முன்னால் ஓடுகிறதைக் கழித்தான், நிம்மதியாகப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தான்.

அண்ணி டீயை ஆற்றிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவு படபடவென்று தட்டப்பட்டபோது அவள் கையேட்டில் பாதிப் பக்கம் தாண்டியிருந்தாள். வெளியே ராக்கெட், ஒரு கால் செருப்போடு, கையில் சார்ஜரோடு பிடுங்கின, அலறுகிற போனோடு. "அண்ணி! கடிகாரம் முன்னாடி ஓடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நேத்து, தம்பி. சரி பண்ணிட்டேனே."

"ஏன் சொல்லல?"

"நீ கேட்கலையே," என்றாள் அண்ணி. "கேட்டா தாமதமாகுமில்ல?"