எலியேசருக்கு வைத்த இரண்டு பாட்டில்கள்

டாக்டர் அரவேனா ஒரு தாளில் இரண்டு வயிறுகளை வரைந்து காட்டினாள். என் கணவன் நொல்பெர்த்தோ கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

புற்று மூத்திரப்பையின் தசைக்குள் பல இடங்களில் இறங்கிவிட்டதாம். கதிர்வீச்சை நம்பிப் பையை விட்டுவைக்க முடியாது, முழுதாக எடுத்தாக வேண்டும். அதன் பிறகு இரண்டு வழிகள். வயிற்றில் துளை போட்டு வெளியே பை ஒட்டிக்கொள்வது ஒன்று. குடலிலேயே புதுப்பை தைத்து உள்ளே வைப்பது இன்னொன்று.

"உயிர் விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான். வெளிப்பைன்னா ஆபரேஷன் சீக்கிரம் முடியும், சிக்கலும் கொஞ்சம் குறைவு. உள்பைன்னா பழைய வழியிலயே போகலாம். ஆனா முட்டுறது தெரியாது. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா மணி பாத்துப் போகணும், தூக்கத்துலயும் எழுந்து. சிலருக்குக் குழாய் விட்டுத்தான் எடுக்கணும். திங்கக்கிழமை சொல்லுங்க."

"என் தம்பிக்கு உள்பைதான். ராஜா மாதிரி இருந்தான்," என்றான் நொல்பெர்த்தோ. நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் போட்டேன்.

சிலி நாட்டு அன்தோஃபகாஸ்தா ஊரில் குழாய்த் தண்ணீரோடு ஆர்செனிக் விஷம் வந்த வருஷங்களில் வளர்ந்தவர்கள் அண்ணனும் தம்பியும். தம்பி எலியேசருக்குத்தான் நோய் முதலில் வந்தது. ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் இருந்தான். நொல்பெர்த்தோ வாரக்கணக்கில் சுரங்க வேலையில் கிடந்தான். நனைந்த மெத்தை, குழாய், மூத்திரத்தில் மிதக்கும் வெள்ளை நூல்கள் எல்லாவற்றையும் கழுவியவள் நான். குடலை எங்கே வைத்துத் தைத்தாலும் சளி சுரக்குமாம், அதுதான் அந்த நூல்கள். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி" என்று சத்தியம் வாங்கியிருந்தான். நான்கு வருஷம் முன்பு, தூக்கம் கெட்டுக் கெட்டு, கலாமா சாலையில் லாரி ஓட்டும்போதே கண்ணயர்ந்து செத்தான்.

செத்த இடத்தில் அவன் ஆவிக்கு ஒரு அனிமீத்தா கட்டினோம், நாய்க்கூண்டு அளவில் ஒரு வீடு. பாலைவனத்தில் செத்தவனுக்குத் தாகம் அடங்காது என்று லாரிக்காரர்கள் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டு, வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

"அவன்கிட்டயே கேட்ருவோம் கிழவி," என்றான் நொல்பெர்த்தோ. சனிக்கிழமை சீல் உடைக்காத இரண்டு தண்ணீர் பாட்டில்கள் வைத்தான். உள்பைக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டியது, வெளிப்பைக்கு நூல் கட்டாதது. எதைக் குடிக்கிறானோ அதுதான் பதில்.

"மூடியைத் திறக்காம எப்படிக் குடிப்பான்?"

"அது அவன் பாடு."

ஞாயிறு மதியம் எங்கள் லாரியில் போனோம். நூல் கட்டாத பாட்டில் அப்படியே இருந்தது, தொட்டால் கை பொசுங்கும் சூடு. சிவப்பு நூல் பாட்டில் விளிம்புவரை நிறைந்து புடைத்திருந்தது. அதில் வெயிலின் சூடு இல்லை, ஆள் உடம்பின் சூடுதான் இருந்தது. உள்ளே மஞ்சள்.

"எவனோ லாரிக்காரன் ஒண்ணுக்கு அடிச்சு வச்சிருக்கான், பொறுக்கி," என்று நொல்பெர்த்தோ மூடியைத் திருகினான். உடையாத சீல் அப்போதுதான் நெறுக்கென்று உடைந்தது. மேலே வெள்ளை நூல்கள் மிதந்தன.

 நான் மணலிலேயே உட்கார்ந்து, சத்தியத்தை உடைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.  அவன் பாட்டிலை மணலில் கொட்டி, மூடி, அதே இடத்தில் வைத்தான். மணி பன்னிரண்டு.

"வா கிழவா, போவோம்."

"இரு."

லாரியின் நிழலில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை, காற்றுகூட இல்லை. மூன்று மணிக்குப் பாட்டிலின் அடியில் மஞ்சள் ஊறத் தொடங்கியது. மெதுவாக, விட்டு விட்டு, சிரமப்பட்டு ஏறி விளிம்பைத் தொட்டது. எனக்கு அழுகை வந்தது, பயத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம்.

நொல்பெர்த்தோ எழுந்து போய் மறுபடியும் கொட்டிவிட்டு வந்தான். "தூங்குடா," என்று அந்தச் சின்ன வீட்டைப் பார்த்துச் சொன்னான்.

திங்கட்கிழமை டாக்டர் பேனாவை எடுத்தாள். "எது?"

"வெளிப்பை," என்றான். "செத்த பிறகாவது நான் தூங்கணும்."

அவள் சிரித்தாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.